காகிதத்திலிருந்து இணையத்துக்கு வந்த காப்புரிமை விண்ணப்பம்: சரிபார்க்கும் வேலை இப்போது யாருடையது?

சென்னை அலுவலகத்தில் தாக்கலான ஒரு காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பத்தின் எண்ணைப் பார்த்தாலே அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். நடுவில் ‘எம்ஏஎஸ்’ என்று இருந்தால் மெட்ராஸ் கிளைக் காலம். ‘சிஎச்இ’ என்று இருந்தால் அதற்குப் பிந்தைய சென்னைக் காலம். 2016 முதல் எழுத்தே கிடையாது, பன்னிரண்டு இலக்கம் மட்டும். 202441 என்று தொடங்கும் எண்ணில் முதல் நான்கு இலக்கம் ஆண்டைக் குறிக்கும். ஐந்தாவதான 4 சென்னை அலுவலகம்; டெல்லிக்கு 1, மும்பைக்கு 2, கொல்கத்தாவுக்கு 3. ஆறாவதான 1 என்றால் சாதாரண விண்ணப்பம், பி.சி.டி. என்ற சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியே வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் 7. கடைசி ஆறு இலக்கம் நாடு முழுவதற்கும் ஒரே வரிசையில் ஓடுகிறது. முன்பு நான்கு ஊரில் நான்கு பேரேடு. இப்போது ஒரே வரிசை. தாக்கல் இணையத்துக்கு மாறாமல் இது நடந்திருக்காது.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. காப்புரிமை அலுவலகம் 2007-ல் இணையத் தாக்கலைத் தொடங்கியது. பெரும்பாலான படிவங்களையும் இணையத்திலேயே கொடுக்கும் வசதி 2012-ல் வந்தது. அதுவரை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 2014 பிப்ரவரி 28 அன்று வந்த விதித் திருத்தம், காகிதத்தில் கொடுத்தால் 10 சதவீதம் கூடுதல் கட்டணம் என்றது. 2016 மே மாதத் திருத்தம் இன்னும் ஒரு படி போனது: பதிவு பெற்ற காப்புரிமை ஏஜென்ட்டுகள் எல்லா ஆவணங்களையும் இணையம் வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும். ஆனாலும் மூலப் பிரதி தேவைப்படும் ஆவணங்களை 15 நாளுக்குள் காகிதமாகவும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதாவது ஒரே வேலை இரண்டு முறை. 2019 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகுதான், அதிகாரி கேட்டால் மட்டும் மூலப் பிரதி கொடுத்தால் போதும் என்றானது. அந்த வகையில் காகிதம் உண்மையிலேயே விடைபெற்ற ஆண்டு 2019 என்பதே சரி.

இந்தத் திருத்தங்களில் எழுதப்படாத மாற்றம் ஒன்று உண்டு, இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. காகிதக் காலத்தில் கிண்டி அலுவலகத்தின் கவுன்டரில் விண்ணப்பத்தைக் கொடுத்தால், மறுபுறம் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தை எண்ணுவார், கட்டணத்தைக் கூட்டிப் பார்ப்பார், கையெழுத்து இருக்கிறதா என்று புரட்டுவார். வரைபடத் தாள் ஒன்று குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும் வாய்ப்பு இருந்தது. இணையதளம் அதைச் செய்யாது. நீங்கள் 42 பக்கம் என்று தட்டச்சு செய்தால் அது 42 பக்கத்துக்குப் பணம் வாங்கிக்கொள்ளும். ஏற்றிய பி.டி.எஃப். கோப்பில் 41 பக்கம்தான் இருக்கிறது என்று சொல்லாது. தவறு வெளிப்பட மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதற்குள் அதைத் திருத்தும் வழி அடைபட்டிருக்கும்.

கட்டணக் கணக்கு

முதலில் பணம், ஏனென்றால் சிறு தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையத்தில் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். மற்றவர்களுக்கு 8,000. இந்தத் தொகைக்குள் 30 பக்கமும் 10 உரிமைக்கோரல்களும் (கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்கள்) அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 160 ரூபாய், ஒவ்வொரு கோரலுக்கும் 320 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு இவை 800, 1,600. பக்கக் கணக்கில் விளக்கம், கோரல்கள், வரைபடம், சுருக்கம் எல்லாம் சேரும்.

42 பக்கம், 14 கோரல் உள்ள ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். தனிநபருக்கு 1,600, கூடுதல் 12 பக்கத்துக்கு 1,920, கூடுதல் 4 கோரலுக்கு 1,280, ஆக மொத்தம் 4,800 ரூபாய். இதையே காகிதத்தில் கொடுத்தால் 1,750 + 2,160 + 1,400 = 5,310. பெரிய நிறுவனம் இணையத்தில் கொடுத்தால் 24,000. ஆய்வுக் கோரிக்கையான படிவம் 18-க்குத் தனியாக 4,000 ரூபாய் உண்டு, பெரிய நிறுவனத்துக்கு 20,000. விரைவு ஆய்வு கேட்கும் படிவம் 18ஏ-யைக் காகிதத்தில் கொடுக்க வழியே இல்லை.

கல்வி நிறுவனங்கள் சலுகைப் பட்டியலில் சேர்ந்தது 2021 செப்டம்பரில்தான். அதைச் சுற்றி ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கல்லூரியும் ஒரு தனியார் நிறுவனமும் கூட்டு விண்ணப்பதாரர்களாக இருக்கும்போது, கல்லூரிக் கட்டணத்தையே செலுத்திவிடுகிறார்கள். அந்த நிறுவனம் சிறு நிறுவனமாகவோ ஸ்டார்ட்அப்பாகவோ இருந்து, சலுகை கோரும் படிவம் 28-ஐயும் சான்றையும் இணைத்தால்தான் சலுகை செல்லும். இல்லையென்றால் பெரிய நிறுவனக் கட்டணம்தான். குறைவாகக் கட்டியது பிறகு தெரிந்தால் மீதியைக் கேட்டுக் கடிதம் வரும். காப்புரிமைச் சட்டத்தின் 142-ஆவது பிரிவுப்படி, உரிய கட்டணம் செலுத்தாத ஆவணம் தாக்கல் செய்யப்படாததாகவே கருதப்படும். நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு தேதியைப் பணயம் வைக்கக்கூடாது.

கோப்பு தயாரிப்பு

காகிதத்துக்கு எழுதிய விதிகள் பி.டி.எஃப். கோப்புக்கும் அப்படியே பொருந்தும். ஏ4 அளவு. மேலும் இடப்புறமும் குறைந்தது 4 செ.மீ. ஓரம், கீழும் வலப்புறமும் 3 செ.மீ. வரி இடைவெளி ஒன்றரைக்குக் குறையக்கூடாது. எழுத்தின் உயரம் குறைந்தது 0.28 செ.மீ. விளக்கத்திலும் கோரல்களிலும் ஒவ்வோர் ஐந்தாவது வரிக்கும் இடப்பக்க ஓரத்தில் வரி எண் வேண்டும். தலைப்பு 15 சொல்லுக்குள், சுருக்கம் 150 சொல்லுக்குள். வரைபடத் தாளில் இடப்பக்க மேல் மூலையில் விண்ணப்பதாரர் பெயர், வலப்பக்க மேல் மூலையில் மொத்தத் தாள்களும் தாள் எண்ணும், வலப்பக்கக் கீழ் மூலையில் கையொப்பம். வேலைப் படிநிலைப் படம் தவிர மற்ற வரைபடங்களில் விளக்க வாசகம் எழுதக்கூடாது. உறுப்புகளுக்கு எண் மட்டும் கொடுத்து, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று விளக்கத்தில் சொல்ல வேண்டும்.

தட்டச்சுக் கோப்பிலிருந்து நேராக பி.டி.எஃப். எடுப்பதே நல்லது. அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து ஏற்றினால் எழுத்துகளைத் தேட முடியாது, வரைபடக் கோடு மங்கும், இரண்டு தாள் ஒன்றாக ஒட்டிப் போனால் ஒரு பக்கம் காணாமலே போகும். கைப்பேசியில் எடுத்த புகைப்படங்களை வரைபடமாகக் கொடுப்பவர்களும் உண்டு. கறுப்பு வெள்ளையில் அது வெறும் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும்.

பி.டி.எஃப். எடுக்கும்போது நடக்கும் ஒரு விபத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். மைக்ரோமீட்டர் என்று எழுத ‘மியூ’ என்ற கிரேக்க எழுத்து வேண்டும். பழைய பழக்கத்தில் பலர் ‘சிம்பல்’ எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து ஆங்கில ‘எம்’ விசையைத் தட்டுவார்கள். திரையில் மியூ தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது எம்தான். பி.டி.எஃப். ஆக்கும்போது அந்த எழுத்துரு கோப்புக்குள் பதியாமல் போனால், அல்லது எழுதியதை நகலெடுத்து இன்னொரு கோப்பில் ஒட்டினால், மைக்ரோமீட்டர் மில்லிமீட்டராகிவிடும். ‘50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பூச்சு’ என்பது ‘50 மில்லிமீட்டர் தடிமனுள்ள பூச்சு’ என்று தாக்கலாகும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பிழை என்பது படிப்பவருக்கே வெளிப்படையாகத் தெரிய வேண்டும். தாக்கலான பிறகு புதிதாக எதையும் சேர்க்க 59-ஆவது பிரிவு விடாது. முதலில் எழுதியதைக் குறைக்கலாம், விளக்கலாம், திருத்தலாம், கூட்ட முடியாது. விடுபட்ட வரைபடத் தாளுக்கும் இதே கதிதான். ஆகவே பி.டி.எஃப். எடுத்த பிறகு வேறொரு கணினியில் திறந்து, அலகுகளையும் வேதிக் குறியீடுகளையும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒருவர் படித்தே தீர வேண்டும். கோப்பைத் தயாரித்தவரே படிக்காமல் இன்னொருவர் படித்தால் இன்னும் நல்லது.

கையொப்பமும் நள்ளிரவும்

தளத்தில் கணக்குத் தொடங்கிக் கையொப்பமிட, யு.எஸ்.பி. டோக்கனில் வரும் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம்தான் வழக்கமான வழி. இரண்டாம் வகுப்புச் சான்று 2021 ஜனவரி முதல் வழங்கப்படுவதில்லை. டோக்கனில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘எஸ்.’ என்று தலைப்பெழுத்து முன்னால் ஓரிடத்திலும், தந்தை பெயர் முழுதாகப் பின்னால் இன்னோரிடத்திலும் இருப்பது தமிழ்ப் பெயர்களில் சகஜம். ஆதார், பான், டோக்கன், விண்ணப்பம் நான்கிலும் ஒரே வடிவத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பின்னால் பெயர் திருத்த மனு போட வேண்டியிருக்காது. டோக்கன் இரண்டு அல்லது மூன்று ஆண்டில் காலாவதியாகும். புதிது வாங்கியதும் கணக்கில் அதை மறுபடி பதிவு செய்ய வேண்டும். தாக்கல் நாளன்று இது தெரியவந்தால் அன்றைய பொழுது போனது போனதுதான்.

வேலை நடக்கும் வரிசை இது: விண்ணப்பமான படிவம் 1-ஐ நிரப்பி வரைவாகச் சேமிப்பது, கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பு அடங்கிய படிவம் 2-ஐயும் படிவம் 3, 5 போன்றவற்றையும் பி.டி.எஃப். ஆக இணைப்பது, முன்பார்வை, கையொப்பம், கட்டணம். ஏஜென்ட் வழியாகப் போனால் அதிகாரப் பத்திரமான படிவம் 26-ஐ மூன்று மாதத்துக்குள் கொடுக்கலாம். பணம் கட்டி ரசீது எண்ணும் விண்ணப்ப எண்ணும் வந்த பிறகுதான் தாக்கல் முடிந்ததாக அர்த்தம். கையொப்பமிட்டுக் கட்டணம் கட்டாமல் நிற்கும் வரைவுக்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பில்லை.

இணையத்தில் நள்ளிரவு 12 மணி வரை அன்றைய தேதி கிடைக்கும். கவுன்டரில் இல்லாத பெரிய வசதி இது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இரவு 11:40-க்குத் தொடங்கி, வங்கியின் ஓ.டி.பி. வராமல் காத்திருந்து, 12:03-க்குப் பணம் போனால் தேதி மறுநாளுடையது. ப்ரொவிஷனல் விண்ணப்பம், அதாவது முழு விவரத்தைப் பிறகு தரும் தற்காலிக விண்ணப்பம், போட்டவர் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும் என்கிறது 9-ஆவது பிரிவு. அது சட்டத்திலேயே உள்ள கெடு, விதியில் உள்ளது அல்ல; ஆகவே அலுவலகத்தால் நீட்டிக்க முடியாது. ஒரு நாள் தவறினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். வெள்ளம், போராட்டம் போன்ற காரணங்களால் ஒரு பகுதி முழுவதும் தகவல் தொடர்பு முடங்கினால் தாமதத்தைப் பொறுக்க 2016 விதிகளில் இடமுண்டு. நம் வீட்டு பிராட்பேண்ட் நின்றுபோனது அந்தக் கணக்கில் வராது.

இந்த 12 மாதக் கெடுவில் இன்னொரு தவறும் நடக்கிறது. முழு விவரக்குறிப்பைக் கொடுக்கும்போது பழைய விண்ணப்ப எண்ணின் கீழ் படிவம் 2-ஆகக் கொடுக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் புது விண்ணப்பம் என்று தேர்ந்தெடுத்தால் புது எண் வரும், புது தேதி வரும். இடைப்பட்ட ஓராண்டில் யாராவது அதே கருத்தை வெளியிட்டிருந்தால், அல்லது நீங்களே ஒரு கருத்தரங்கில் பேசியிருந்தால், புதுமை என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். தளம் இரண்டையும் ஒரே மாதிரிதான் ஏற்றுக்கொள்ளும்.

தாக்கலுக்குப் பின்

முன்பு பதிவுத் தபால் வரும், கையெழுத்திட்டு வாங்குவோம். இப்போது அலுவலகம் அனுப்புவதெல்லாம் படிவத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்கு வரும். முதல் ஆய்வறிக்கை வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். படிவம் 4 கொடுத்துக் கூடுதல் கட்டணத்துடன் நீட்டிப்பு கேட்க இடமுண்டு. ஒன்றும் செய்யாமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி கைவிடப்பட்டதாகும். மாணவர் ஒருவரின் கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், அவர் படித்து முடித்ததும் அந்த முகவரி மூடப்படும், கடிதம் யாருக்கும் போய்ச் சேராது. விண்ணப்பதாரர் கைவிட நினைக்கவே இல்லை, தவறு ஏஜென்ட்டுடையது என்று தெரிந்த வழக்கில், 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விண்ணப்பத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆய்வுக் கோரிக்கைக்கும் கெடு உண்டு. 2024 மார்ச் 15 முதல் தாக்கலானவற்றுக்கு அது 48 மாதத்திலிருந்து 31 மாதமாகச் சுருங்கியிருக்கிறது. இது முன்னுரிமைத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, அதாவது ப்ரொவிஷனல் போட்டிருந்தால் அந்த நாளிலிருந்து. கோரிக்கை போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். நினைவூட்டுவது அலுவலகத்தின் வேலையல்ல. அதே திருத்தம், புதுப்பிப்புக் கட்டணத்தை நான்கு ஆண்டுக்காவது முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியும் தருகிறது.

இந்த மாற்றத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் கோப்பு திறந்ததுதான். விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகும். வெள்ளிக்கிழமைதோறும் வரும் அலுவல் இதழ் இணையத்தில் இலவசம். 2015-ல் வந்த ‘இன்பாஸ்’ தேடுதளத்தில் எண்ணைப் போட்டால் விவரக்குறிப்பு, ஆய்வறிக்கை, பதில், விசாரணை அறிவிப்பு எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே படிக்கலாம். மருந்துக் காப்புரிமைகளில் இதன் அருமை தெரியும். காசநோய் மருந்தான பெடாக்விலினின் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கும் விண்ணப்பத்தை, நோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்த்தார்கள்; 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் அதை நிராகரித்தது. வெளியான விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்கிறது 25-ஆவது பிரிவு. கோப்பைப் படிக்க முடிந்தால்தானே அந்த உரிமைக்குப் பொருள் உண்டு?

திறந்த கதவு இன்னொரு பக்கமும் பயன்படுகிறது. 2013-14-ல் 42,951 ஆக இருந்த விண்ணப்பங்கள் 2022-23-ல் 82,811 ஆயின. அந்த ஆண்டு உள்நாட்டு விண்ணப்பங்களில் தமிழ்நாடுதான் முதலிடம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதில் கணிசமானவை கல்லூரிகளிலிருந்து வருபவை. சீக்கிரம் வெளியிடக் கேட்கும் படிவம் 9-ஐக் கொடுத்து ஒரு மாதத்தில் வெளியீடு பெற்றுவிட்டு, தரவரிசைக்கு அந்த எண்ணைக் காட்டி, ஆய்வுக் கோரிக்கையே போடாமல் விட்டுவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. வெளியானது என்பதும் வழங்கப்பட்டது என்பதும் வேறு வேறு. ‘மாணவர் காப்புரிமை பெற்றார்’ என்று செய்தி வரும்போது, இன்பாஸில் அந்த எண்ணின் நிலையைப் பார்த்தால் பெரும்பாலும் வெளியீட்டோடு நின்றிருக்கும். மாணவருக்கு நேர்வது உண்மையான இழப்பு: கண்டுபிடிப்பு பொதுவெளிக்குப் போய்விட்டது, பாதுகாப்போ கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மாறாத ஒன்று மொழி. ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்ற விதி காகிதக் காலத்திலிருந்து அப்படியே தொடர்கிறது. கோவையில் ஒரு லேத் பட்டறைக்காரரோ, ஈரோட்டில் ஒரு தறி மெக்கானிக்கோ தமிழில் துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒரு பொறியமைப்பை, இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதித்தான் தாக்கல் செய்ய முடிகிறது. சொன்னதற்கும் எழுதியதற்கும் இடையே விழும் இடைவெளியைத் தாக்கலுக்குப் பின் அடைக்க வழியில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம். படிவங்களும் வழிகாட்டிக் குறிப்புகளுமாவது தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அதுவரை, எழுதிக் கொடுத்தவரை அருகில் உட்காரவைத்து, கோரல்களை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டே கையொப்பமிட வேண்டும்.

தனிநபர்களுக்குக் காகித வழி இன்னும் மூடப்படவில்லை. சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கட்டி கிண்டியில் நேரில் கொடுக்கலாம். இணையத்தில் கொடுப்பவர் ரசீது வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஏற்றிய கோப்புகளைத் தளத்திலிருந்தே திரும்பப் பதிவிறக்கி, பக்கம் எண்ணி, கோரல் எண்ணி, கடைசி வரைபடத் தாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டு முழுமையான கோப்போடு அன்றே புதிதாகத் தாக்கல் செய்யலாம். கூடுதலாகப் போவது இன்னொரு முறை கட்டும் கட்டணம் மட்டும், தேதி கைவிட்டுப் போகாது.